கூடத்தில் ஒரு கியர்பாக்ஸ்

அன்றைக்கு சேக் பரீத் மேகமலையிலிருந்து இறங்கி வந்தது தன் லாரியில் இல்லை. எஸ்டேட் ஜீப்பின் பின்பக்கம், காலி உரச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார். உத்தமபாளையத்தில் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டு மெகருன்னிசா அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தாள். கணவர் வலது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மடங்காத இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார். சட்டையில் ரத்தம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் மேலிருந்து ஒரு வாடை அடித்தது. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால் வருமே, அப்படி ஒரு தீய்ந்த வாடை.

"வண்டி எங்கன?" என்றாள்.

"ஆனைக்குழி வளைவுல நிக்குது."

"லோடு?"

"எஸ்டேட் ஆளுக லயத்துக்குப் போற அரிசி. அப்படியே இருக்கு. மழை வந்துறக் கூடாதுன்னு தார்ப்பாயப் போட்டுட்டு வந்தேன்."

நடந்ததை ஜீப் டிரைவர்தான் சொன்னான். ஏற்றத்தில் இன்ஜின் கத்தியிருக்கிறது, வண்டி முன்னால் போகவில்லை. இன்னும் மிதித்ததும் பின்னால் வர ஆரம்பித்துவிட்டது. பாய் கைபிரேக்கை இழுத்துக்கொண்டே ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, பின்சக்கரத்தை ரோட்டோர ஓடைக்குள் இறக்கி நிறுத்தியிருக்கிறார். "அந்தப் பக்கம் ஒடிச்சிருந்தா ஆளும் இல்ல, அரிசியும் இல்லக்கா" என்றான் அவன்.

சேக் பரீத் முன்பு கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். குமுளி மலையில் ஒரு மரலாரி வந்து இடித்ததில் இடது முழங்கால் சில்லு நொறுங்கிப்போனது. மதுரையில் காலைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். முழங்காலைக் காப்பாற்ற முடியவில்லை. நடக்கலாம், நிற்கலாம், மடக்க முடியாது. மலைரோட்டில் வளைவுக்கு வளைவு கிளட்சை மிதிக்கிற வேலை அதோடு போயிற்று. அண்ணன் அப்துல் அஜீஸின் திராட்சைக் கமிஷன் கடையில் பெட்டி எடை போடுகிறவராக ஆனார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், சாப்பிடும்போதுகூடப் பேசாதவராக மாறியதை மெகருன்னிசா பக்கத்திலிருந்து பார்த்தாள்.

அப்போதுதான் கேரளத்து மலையில் ஏதோ சுரங்க வேலை முடிந்து வண்டிகளை ஏலம் விடுவதாகச் செய்தி வந்தது. அதில் ஒரு வெளிநாட்டு லாரியை யாருமே கேட்கவில்லையாம். கிளட்சே கிடையாது, இரண்டே மிதிதான், கியரை அதுவே மாற்றிக்கொள்ளும், ரிப்பேர் வந்தால் பார்க்க ஆள் இல்லை என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். மெகருன்னிசா அன்று ராத்திரிச் சோற்றைப் பிசைந்தபடியே, "ரெண்டு மிதின்னா ஒரு கால் போதுமில்ல?" என்று கேட்டாள். மறுநாள் விடியுமுன் அவர் குமுளி பஸ்ஸில் இருந்தார். இரண்டு நாள் கழித்து அந்த லாரியை அவரே ஓட்டிக்கொண்டு வந்து தெருமுனையில் ஆரன் அடித்தார். அந்த ஆரன் சத்தத்துக்குத் தெருவே கூடியது.

நாலு வருஷம் அந்த லாரி மேகமலைக்கு அரிசியும் உரமும் ஏற்றிப்போய்த் தேயிலைப் பெட்டி இறக்கிக்கொண்டு வந்தது. பிறகு அதன் இன்ஜினில் கிராங்க் ஒடிந்தது. அதற்கு இந்த நாட்டில் பாகம் கிடைக்கவில்லை. தேனியில் நம்மூர் டர்போ இன்ஜின் ஒன்றை அளவெடுத்துப் பூட்டினார்கள். நல்ல இன்ஜின். பழையதைவிட ஒன்றரை மடங்கு இழுவை. முதல் மாதம் சேக் பரீத் மலையேறிவிட்டு வந்து, "பறக்குதுடி" என்றார். இரண்டாம் மாதம் கியர் விழும்போது ஒரு வழுக்கல் தெரிந்தது. மூன்றாம் மாதம் இந்த ஆனைக்குழி.

லாரியைச் சங்கிலி போட்டு இறக்கி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்த மறுநாள் அப்துல் அஜீஸ் வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"ஏலே சேக்கு, உசுரு தப்புனது அல்லா குடுத்தது. அந்தப் பொட்டியத் தூக்கிப் போட்டுட்டு சாதா கியர்பாக்ஸ் ஒண்ணு வையி. நல்ல டிரைவரா நான் பாத்துத் தாரேன். நீ வண்டி மொதலாளியா வீட்ல இரு."

சேக் பரீத் வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார்.

"நீ டிரைவராவே சாகணுமா?"

கதவோரம் நின்ற மெகருன்னிசா, "மச்சான், டீ ஆறுது" என்றாள். அப்துல் அஜீஸ் டம்ளரை எடுத்ததும், "வண்டி ஓடணும்னுதான நீங்களும் சொல்றீக. ஓடட்டும். ஆனா இவுக ஓட்டாம அந்த வண்டி எங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

"ஆடி முழுக்கத்தான் எஸ்டேட்டுக்காரக பொறுத்துக்குவாக, ஆத்தா. ஆவணி பொறந்தா வேற லாரி பேசிருவாக."

"ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கு மச்சான்."

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கோபம் இல்லை. தம்பியின் மேல் உள்ள பயம்தான் அவரை அப்படிப் பேச வைத்தது என்று அவளுக்குத் தெரியும்.

ஏசுதாசன் வந்தது அந்த வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகை முடிந்த நேரம். சேக் பரீத் சொல்லியனுப்பி வந்த தேனிக்காரர். காற்றாலைக்கு அஸ்திவாரம் தோண்ட வந்த லோடர்களையும் டோசர்களையும் பழுது பார்ப்பவர். தலைமுடி கலைந்து, மூக்குக்கண்ணாடியில் புழுதி படிந்து, மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினார். வந்தவர் யாரிடமும் பேசாமல் லாரிக்கு அடியில் படுத்து, ஆயிலைக் கொஞ்சம் விரலில் எடுத்து மோந்து பார்த்தார். கறுப்பாக இருந்தது. வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "பாய், ஒண்ணு மொதல்லயே சொல்லிர்றேன். இந்த மாதிரிப் பொட்டிய நான் பிரிச்சதே இல்ல. லோடருது பிரிச்சிருக்கேன். டோசருது பிரிச்சிருக்கேன். இது அதுகளுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. மூஞ்சி வேற, ரத்தம் ஒண்ணுதான்" என்றார்.

"செய்யலாமாண்ணே?" என்றார் சேக் பரீத்.

"இருந்தபடி திருப்பி மாட்டுறதுன்னா இன்னொரு மூணு மாசத்துல திரும்பத் தீயும். புது இன்ஜினுக்குத் தாங்குற மாதிரி ஆக்கணும். அதான் வேலை."

மெகருன்னிசாவுக்கும் சேர்த்து அவர் விளக்கினார். உள்ளே வட்ட வட்டத் தகடுகள் இருக்கின்றன. ஆயில் பின்னாலிருந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் தகடுகளை ஒன்றோடொன்று அமுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடியில்தான் இன்ஜினின் சுற்று சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. பழைய இன்ஜினுக்கு அந்தப் பிடி போதும். புதியது முறுக்குகிற முறுக்கில் பிடி வழுக்குகிறது. வழுக்கினால் சூடு, சூடானால் தகட்டில் ஒட்டியிருக்கும் பட்டை தீய்ந்துபோகும்.

"அப்பப் பிடியக் கூட்டணும்" என்றாள்.

"அம்புட்டுத்தான் தங்கச்சி. சொல்லுறதுக்கு அம்புட்டுத்தான்."

அவர் கவலை வேறாக இருந்தது. ஆடிக்காற்று கம்பத்துப் பள்ளத்தாக்கு முழுவதும் மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. வாழைத்தோப்புகளில் மரத்துக்கு மரம் முட்டுக் கொடுத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் பல்லில் மணல் நெறுநெறுத்தது. "இதுக்குள்ள ஒரு தூசி போகக் கூடாது பாய். தேனியில என் ஒர்க்ஷாப்பு தெறந்த கொட்டகை. இந்தக் காத்துல அங்கன பிரிக்கிறதும் ரோட்டுல வச்சுப் பிரிக்கிறதும் ஒண்ணுதான்."

மெகருன்னிசா யோசிக்கவில்லை. "எங்க வீட்டுக் கூடத்துல வச்சுப் பிரிங்கண்ணே."

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"நாலு சுவரு இருக்கு, கதவு இருக்கு. கட்டிலத் தூக்கிப் பின்னால போட்டுர்றேன்."

மூன்று கால் மரத்தை ஊன்றிச் சங்கிலி போட்டு கியர்பாக்ஸை லாரியிலிருந்து இறக்கினார்கள். தெருவில் இருந்த ஆண்கள் ஆறு பேர் கம்பு கொடுத்துத் தூக்கிக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கிற அளவு இருந்தது. அதற்கு முன்பே மெகருன்னிசா கூடத்தை மூன்று முறை கழுவித் துடைத்திருந்தாள். ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் நனைத்த சேலையைத் தொங்கவிட்டிருந்தாள். கதவைத் திறந்தால் உடனே மூடச் சொன்னாள். மீன்காரி வாசலில் நின்று கூப்பிட்டபோது உள்ளே இருந்தபடியே, "இன்னிக்கு வேணாந்தாயி, பொட்டி தெறந்திருக்கு" என்றாள். மீன்காரிக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏசுதாசன் கைகழுவி வந்து உட்கார்ந்து, கண்ணை மூடி உதட்டுக்குள் ஜெபித்தார். சேக் பரீத் பிஸ்மில்லா சொல்லி முதல் போல்ட்டை அவரே கழற்றினார். அதன்பின் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஏசுதாசன் கழற்றித் தருவதை வரிசை பிசகாமல் வெள்ளை விரிப்பில் அடுக்கினார். மெகருன்னிசா ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினாள். துடைக்கத் துண்டை எடுத்தபோது ஏசுதாசன் தடுத்தார்.

"பருத்தி வேணாம் தங்கச்சி. நூல் உதிரும். ஒரு நூல் போய் வால்வுல மாட்டுனாப் போதும், வண்டி வளைவுல நின்னுரும்."

அவள் உள்ளே போய்ப் பழைய நைலக்ஸ் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கத்தரிக்கோலால் நறுக்கினாள். மகள் சாஜிதாவின் கல்யாணத்துக்கு வந்த சேலை. அது நூல் உதிர்க்கவில்லை.

தகடுகள் வெளியே வந்தன. பட்டை இருக்க வேண்டிய இடத்தில் கரி இருந்தது. சேக் பரீத் ஒன்றைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். கை கறுப்பானது. அதைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் தேங்காய்ச்சோறும் தாளிச்சா குழம்பும். மூவரும் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஏசுதாசன் சாப்பிட்டுக்கொண்டே விரலால் தட்டில் கணக்குப் போட்டார். கட்டப்பனைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் இதே ஜாதி லாரி ஒன்று உடைந்து கிடப்பதாக அவருக்குத் தெரியும். மறுநாள் போய் அதன் பெட்டியிலிருந்து தகடுகளை எடுத்து வந்தார். கோயம்புத்தூருக்கு அனுப்பி எல்லாவற்றுக்கும் புதுப் பட்டை ஒட்டி வாங்கினார். ஒரு லோடரிலிருந்து கழற்றிய பெரிய ஆயில் கூலரையும் காற்றாடியையும் கொண்டுவந்தார். எல்லாம் சரியாகத்தான் போனது. பிஸ்டனில் வந்து நின்றது.

"பாய், நாலு பிளேட்டு இருக்கிற எடத்துல அஞ்சு வைக்கணும். அப்பத்தான் பிடி கூடும். எடம் இல்ல. இந்தப் பிஸ்டனோட முகத்த லேத்துல சீவி மெலிசாக்குனா எடம் கெடைக்கும். ஆனா ஆயில் பிரஷரயும் கூட்டப் போறோம். மெலிஞ்ச பிஸ்டன் அதத் தாங்குமா, வெடிச்சிருமா, எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். கட்டப்பனைப் பொட்டியில இருந்தது துருப்பிடிச்சுப் போச்சு. இருக்கிறது இது ஒண்ணுதான்."

சேக் பரீத் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். மெகருன்னிசா கொஞ்ச நேரம் கழித்துப் போனாள். அவர் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் முருங்கை இலை உதிர்ந்து அவர் தோளெல்லாம் ஒட்டியிருந்தது.

"வெடிச்சிட்டா?" என்றார்.

"வெடிச்சா மச்சான் சொன்ன மாதிரி செய்வோம்."

"அப்ப இம்புட்டும் வீணு."

"ஒங்களுக்குக் கால் போனப்ப மூணு வருஷம் ஒரே கூரைக்குள்ள இருந்தோம். நீங்க சுவரப் பாத்துக்கிட்டு இருந்தீக. நான் ஒங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன். நான் வாயத் தெறந்து சொன்னேனா? இந்தப் பத்து நாளா கூடத்துல உக்காந்து இந்த இரும்ப அடுக்குறீக. அந்தண்ணன்ட்ட சண்ட போடுறீக. நேத்து சிரிச்சீக. எனக்கு இது வீணாத் தெரியல. செஞ்சு பாத்துட்டுப் போகட்டும்ங்க."

அவர் தோளில் இருந்த இலையைத் தட்டிவிட்டார். உள்ளே வந்து ஏசுதாசனிடம், "சீவுங்கண்ணே" என்றார்.

ஏசுதாசன் உடனே எடுத்துக்கொண்டு ஓடவில்லை. அன்று சாயங்காலம் முழுவதும் பிஸ்டனை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தகடுகளுக்கு நடுவே வரும் இரும்பு வளையங்களை எடுத்து விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தார். "ஏன், எல்லாத்தையும் இது தலையிலயே ஏத்தணுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். மறுநாள் தேனிக்குப் போய், வளையங்கள் ஒவ்வொன்றையும் முடியளவு தேய்த்து மெலிசாக்கினார். வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்துவிட்டது. மீதிக்குத்தான் பிஸ்டனில் கைவைத்தார். லேத்துக்காரர் சீவச் சீவ, தான் ஒவ்வொரு சீவலுக்கும் நிறுத்தி அளந்ததாகவும், முடிவதற்குள் அந்தாள் வெறுத்துப்போய் டீக் குடிக்கப் போய்விட்டதாகவும் திரும்பி வந்து சொன்னார். சேக் பரீத் சத்தம் போட்டுச் சிரித்தார்.

புதுத் தகடுகளை மாட்டுமுன் ஒரு ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போட வேண்டும் என்றார் ஏசுதாசன். மெகருன்னிசா பிரியாணி பொங்கும் பெரிய செம்பைக் கொடுத்தாள். "இனி இதுல சோறு பொங்க முடியாது தங்கச்சி" என்று அவர் தயங்கினார். "பொங்குறதுக்கு வேற செம்பு வாங்கிக்கலாம்" என்றாள்.

ஆயிலின் அழுத்தம் கூடுவதற்காக பிரஷர் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர்கள் வைத்து இறுக்கினார்கள். பெட்டியை மூடி, லாரியில் ஏற்றி, கூலரை முன்னால் காற்று படுகிற இடத்தில் பூட்டினார்கள். டிரைவர் சீட்டுக்கு எதிரே சூடு காட்டும் மீட்டர் ஒன்று வந்தது. முதல் ஓட்டம் கோம்பை ரோட்டில், வெறும் வண்டி. கியர் விழும்போதெல்லாம் யாரோ பின்னால் இடித்தது போல வண்டி தூக்கிப் போட்டது. சேக் பரீத்தின் தலை கூரையில் முட்டியது.

"பிடி கூடிப்போச்சு" என்றார் ஏசுதாசன், வருத்தமே இல்லாமல். "கூடுனதக் கொறைக்கலாம்." ஒரு வாஷரை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னார். இப்போது கியர் விழுவது காதுக்கு மட்டும்தான் தெரிந்தது.

லோடு ஏற்றிய அன்று காலையில் மெகருன்னிசாவும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து நின்றாள். "நீ எங்க?" என்றார் சேக் பரீத்.

"நானும் வாரேன். இத்தன வருஷமா அந்த மலைய இங்கருந்துதான பாக்குறேன்."

ஏசுதாசன் கதவோரம், அவள் நடுவில். சின்னமனூர் தாண்டி, தோட்டங்கள் முடிந்து, செக்போஸ்ட்டைக் கடந்ததும் ரோடு எழும்ப ஆரம்பித்தது. அவளுக்குக் கொடுத்த வேலை மீட்டரைப் பார்ப்பது. முள் சிவப்புக்குப் போனால் சொல்ல வேண்டும். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் புழுதியாக இருந்தது. மேலே ஏற ஏறப் புழுதி அடங்கிச் சாரல் வந்தது. அவள் வெளியே பார்க்க ஆசைப்பட்டாள், மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கப் பயந்தாள்.

"மொதல் நாளு ஏத்தத்துல மட்டும் நிப்பாட்டிறாதீக பாய்" என்றார் ஏசுதாசன். "ஓட்டத்துலயே போயிரணும். நின்னு எடுக்குறதுதான் இதுக்கு எமன்."

ஆனைக்குழி வளைவில் திரும்பினால், ரோட்டை அடைத்துக்கொண்டு மேலே மணலாறு எஸ்டேட்டுக்குப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. மேலேயிருந்து வந்த ஒரு ஜீப்புக்கு வழிவிட ஒதுங்கிய பஸ்ஸின் சக்கரம் சேற்றில் இறங்கியிருந்தது. ஆட்கள் இறங்கிக் கல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சேக் பரீத் பிரேக்கை அழுத்தினார். லாரி முழு லோடோடு செங்குத்தில் நின்றது. கைபிரேக்கை இழுத்தார். வலது பக்கம் கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாயில் சாரல் விழும் சத்தம் கேட்டது.

பஸ் உறுமி, இருமி, மேலே ஏறிப் போய்விட்டது. ரோடு காலியானது.

"எறங்கிக்கிறியா மெகரு?" என்றார்.

"மீட்டர யாரு பாக்குறது?"

ஏசுதாசன் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கப் போனார். "வேணாண்ணே, உக்காருங்க" என்றார் சேக் பரீத். இடது கையைக் கைபிரேக்கில் வைத்தார். வலது காலை மெதுவாக, மெத்தையில் மிதிக்கிறது போல அழுத்தினார். இன்ஜின் சத்தம் ஏறியது. வண்டி கொஞ்சம் பின்பக்கம் குனிந்தது. மெகருன்னிசா உதட்டுக்குள் கலிமா சொன்னாள். அவர் இன்னும் அழுத்தினார். பிரேக்கை விரல் விரலாகத் தளர்த்தினார்.

லாரி பின்னால் போகவில்லை. ஒரு கணம் மலை அதைப் பிடித்துக்கொண்டது போல அப்படியே நின்றது. பிறகு நகர்ந்தது. வழுக்காமல், திணறாமல், ஒரு மாடு உழவில் காலை எடுத்து வைப்பது போல முன்னால் நகர்ந்தது. சக்கரம் ஓடையோரத்துக் கற்களை நசுக்கிக்கொண்டு வளைவைத் தாண்டியது. அடுத்த கியர் விழுந்தது.

"முள்ளு?" என்றார் ஏசுதாசன்.

"நடுவுலயே நிக்குதுண்ணே. அசையல."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். சேக் பரீத் வாய் திறந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் சொன்னார். இங்கே காட்டெருமை நின்றது, இங்கே ஜீப் காலத்தில் டயர் போனது, இங்கே ஊற்றுத்தண்ணி இனிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். மெகருன்னிசா மீட்டரை மறந்து வெளியே பார்த்தாள். தேயிலை ஒரே பச்சையாக மலைமேல் மலையாக ஏறிக்கிடந்தது.

மேலே லயத்து வாசலில் அரிசி இறங்கியது. எஸ்டேட் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கர்ணன் குடையோடு வந்து, "என்ன பாய், வேற லாரி பேசலாம்னு தொரை சொல்லிக்கிட்டிருந்தாக. ஒங்க வண்டியே வந்திருச்சு" என்றான்.

"வந்திருச்சுல்ல? அப்பத் தொரைட்டச் சொல்லுப்பா."

ஏசுதாசன் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. ஆயில் அளக்கும் கம்பியை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தார். மெகருன்னிசாவிடம் நீட்டினார். அவளும் மோந்தாள். தீய்ந்த வாடை இல்லை. செம்பில் ஊற்றியபோது இருந்த அதே சிவப்பு.

லோடு இறங்கி முடிந்ததும் சேக் பரீத் ஓட்டுநர் பக்கம் ஏறவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறுங்கண்ணே. செஞ்சவுக ஓட்டிப் பாக்கணும்ல" என்றார்.

"எனக்கு மலை பழக்கமில்ல பாய்."

"ஏரிக்கரையோரம் சமமான ரோடுதான்."

ஏசுதாசன் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பியதும் அவர் இடது கால் தன்னால் எழுந்து இல்லாத கிளட்சைத் தேடியது. மெகருன்னிசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லாரி ஏரியை ஒட்டி நகர்ந்தது. லயத்துப் பெண்கள் சாக்கைத் தலையில் போட்டபடி ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கியர் ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். ஏரி முடிகிற இடத்தில் ரோடு அகன்றது. சேக் பரீத் திருப்பச் சொன்னார். வண்டி திரும்பி, வந்த வழியே லயம் வரைக்கும் போய் நின்றது.

ஏசுதாசன் இன்ஜினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தார்.

"பாய்" என்றார், "இன்னொரு தடவ போய்ட்டு வருவமா?"